பேக்கரி நிரலுக்கு நேரம் மறுக்கப்பட்ட விதம்

அண்ணியின் பேக்கரியில் அன்று காலை அடுப்பிலிருந்து வெளியே வந்ததை ரொட்டி என்று சொல்ல அண்ணியே தயாராக இல்லை. ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தாள். கட்டையும் கட்டையும் மோதிக்கொண்ட சத்தம் கேட்டது.

“இது என்ன இன்ஜினியர் சார்?”

“ரொட்டி, அண்ணி.”

“அப்படியா? கதவுக்கு முட்டுக் கொடுக்க யாராவது கேட்டா எடுத்து வெச்சுக்கறேன். ஆஸ்பத்திரியில கேக்கறது திங்கறதுக்கு. அங்க பாதிப் பேருக்குப் பல்லே கிடையாது.”

இன்ஜினியர் சார் அவளுடைய கொழுந்தன். தலைமுடியின் காரணமாகத் தெருவுக்கு அவன் சுருட்டை. அண்ணிக்குத் தம்பி. ரொட்டி கருகிய நாட்களில் மட்டும் இன்ஜினியர் சார். அந்த வாரம் முழுக்க இன்ஜினியர் சாராகவே இருந்தான். பேக்கரியின் புது மின்னடுப்பை ஓட்டும் நிரலை, அதாவது புரோகிராமை, எழுதியவன் அவன்தான்.

ஆஸ்பத்திரிச் சமையலறையின் மேற்பார்வையாளர் அம்மா முந்தைய நாளே ஃபோன் செய்து, “இன்னும் ஒரு தடவை இப்படி வந்தா நான் வேற கடை பார்த்துக்கறேம்மா, மனசுல வெச்சுக்காதே” என்று அன்பாகச் சொல்லியிருந்தார். கடையின் ரொட்டியில் முக்கால்வாசி போவது அந்த ஆஸ்பத்திரிக்கு. அது நின்றால் கடையும் நிற்கும். பின்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்த அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கவலை வந்தால் அவர் மாவை இன்னும் அழுத்திப் பிசைவார். அந்த வாரம் மாவு மிகவும் மிருதுவாக இருந்தது.

நிரலில் குற்றம் இல்லை. ரொட்டி எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று அதற்குத் தெரியும். இப்போது மணி என்ன என்பதுதான் தெரியாது. நகரத்தில் தானாக ஓடும் எந்த இயந்திரமும் மையக் கணினிக் கழகத்தின் பெரிய கணினியிலிருந்துதான் ஓட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணினியின் நடுவில் கெர்னல் என்றொரு நிரல் இருக்கிறது. கடிகாரம் உட்பட எல்லாக் கருவிகளும் அதன் கையில். மற்றவர்களின் நிரல்கள் வெளியே உட்கார்ந்து, எது வேண்டுமானாலும் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த ஊர்க் கணினியிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். மணி என்ன என்று கேட்டால் கெர்னல் சட்டென்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

இந்தக் கெர்னலைக் கழகமே பெற்று வளர்த்திருந்தது. பிள்ளை வீட்டாரை அப்படியே உரித்து வைத்திருந்தது. யாராவது மணி கேட்டால், கேட்பது யார், எதற்குக் கேட்கிறார், முன்பு கேட்டாரா, அப்போது வாங்கிக்கொண்டு போன மணியை என்ன செய்தார் என்றெல்லாம் விசாரிக்கும். விசாரணை முடிந்து அது சொல்லும் மணி, கேட்டபோது இருந்த மணி. அதற்குள் அடுப்பு ரொட்டியைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும்.

“சுவத்துல கடிகாரம் இருக்கே. நான் அதைப் பார்த்து அணைச்சுடறேனே?” என்றாள் அண்ணி.

“அடுப்புல கழகத்து சீல் இருக்கு அண்ணி. கையால அணைச்சா சீல் உடையும். உடைஞ்சா அடுப்பையே தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

“சரி, உங்க புரோகிராமே ஒண்ணு ரெண்டுன்னு எண்ணக் கூடாதா? கண்ணாமூச்சி ஆடற புள்ளைங்ககூட எண்ணுது.”

“எண்ண வெச்சுப் பார்த்தேன். நடுவுல கெர்னல் அதைத் தூங்க வெச்சுட்டு வேற புரோகிராமுக்கு இடம் கொடுக்குது. எழுந்ததும் விட்ட எடத்துலேருந்து எண்ணுது. தூங்கினதே அதுக்குத் தெரியாது.”

அண்ணி பின்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்குத் தெரிஞ்ச இன்னொருத்தரும் அந்த ரகம்தான்.”

மாவு பிசையும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

சுருட்டை கழகத்துக்குப் போய் நேரிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பினான்.

கழகத்தின் கட்டடம் கெர்னலைப் பார்த்துக் கட்டியதா, கெர்னல் கட்டடத்தைப் பார்த்து எழுதப்பட்டதா என்று அங்கே இருப்பவர்களுக்கே நிச்சயமில்லை. நடுவில் ஒரு பெரிய மண்டபம், அதில் அதிகாரிகள். சுற்றிலும் சன்னல் இல்லாத நடைவழி, அதில் பொதுமக்கள். வாசலில் காவலர் ஒரு தட்டை நீட்டினார்.

“கடிகாரம், ஃபோன் எல்லாம் இதுல வெச்சுடுங்க.”

“உள்ள எத்தனை மணி வரைக்கும் ஆள் இருப்பாங்கண்ணே?”

“அது தெரிஞ்சா நான் ஏன் வாசல்ல நிக்கறேன்?”

நடைவழியில் சுருட்டைக்கு முன்னால் நின்றவர் போக்குவரத்து விளக்குகளைக் கவனிப்பவர். அவருடைய பொறுப்பில் இருந்த முச்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சைக்கு மாற வேண்டிய நேரத்தைக் கெர்னல் இன்னும் பரிசீலித்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரர்கள் முதலில் ஹாரன் அடித்தார்களாம், பிறகு இறங்கிப் பேசினார்களாம், இப்போது அங்கேயே இரண்டு பேருக்குள் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்களாம். “பச்சை விழுந்தா முகூர்த்தம் வெச்சுக்கலாம்னு இருக்காங்க. என்னையும் கூப்பிட்டிருக்காங்க” என்றார் அவர்.

கவுன்ட்டரில் இருந்தவர் விளக்க அதிகாரி. எதையும் கொடுப்பது அவர் வேலை இல்லை. ஏன் கொடுக்கவில்லை என்று விளக்குவது மட்டும். நல்ல மனிதர். சுருட்டையை உட்காரச் சொன்னார்.

“தம்பி, நேரங்கறது ஆபத்தான சரக்கு. உங்களுக்கு ஒண்ணு கொடுக்கறோம்னு வெச்சுக்கோங்க. அதோட விடுவீங்களா? இன்னொண்ணு கேப்பீங்க. கையில ரெண்டு நேரம் வந்துட்டா மனுஷன் என்ன பண்ணுவான்?”

“என்ன பண்ணுவான் சார்?”

“கழிச்சுப் பார்ப்பான்!” அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கழிச்சா என்ன வரும்? ஒரு வேலைக்கு நாங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கறோம்னு வரும். அது வெளியே போகலாமா? நாட்டோட பாதுகாப்பு என்ன ஆகறது?”

“நான் ரொட்டிதான் சார் சுடறேன்.”

“எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க.”

சுருட்டையின் முகம் தொங்கியதைக் கண்டு அவர் மனம் இளகியது. “அதுக்காகப் பொதுமக்களைக் கைவிட்டுட முடியுமா? உங்களை மாதிரி சின்னக் கடைக்காரங்களுக்காகவே மழுங்கல் நேரம்னு ஒரு திட்டம் இருக்கு. கூர்மையெல்லாம் தேய்ச்சு எடுத்துட்டுக் கொடுப்போம். யார் கையையும் கிழிக்காது. விசாரணையும் கிடையாது, உடனே கிடைக்கும்.”

“எவ்வளவு சார் தேய்ப்பீங்க?”

“வாங்கிப் பாருங்க. அசந்துடுவீங்க.”

மறுநாள் காலை அண்ணி சோதனைக்காக ஒரே ஒரு பன்னை அடுப்பில் வைத்தாள். நிரல் கெர்னலிடம் மணி கேட்டது. உடனே பதில் வந்தது: ‘முற்பகல்.’ சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது. ‘முற்பகல்.’ நிரல் கழித்துப் பார்த்தது. நேரமே ஆகவில்லை என்று தெரிந்ததால் பன்னை இன்னும் வேகவிட்டது. தெருவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்போது ‘பிற்பகல்’ என்று பதில் வந்தது. அடுப்பு தானாக அணைந்தது. அண்ணி கதவைத் திறந்தாள். தட்டில் பன் இல்லை. கரிகூட இல்லை. வாசனை மட்டும் இருந்தது.

“இதை எப்படிப் பொட்டலம் கட்டறது, இன்ஜினியர் சார்?”

இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போயாக வேண்டும். அண்ணி அடுத்த தெருக் கடையில் ரொட்டி வாங்கி, மேலுறையை மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் அம்மா ஃபோன் செய்து, “இப்பத்தாம்மா உன் கைப்பக்குவம் திரும்பி வந்திருக்கு” என்றார். அண்ணி ஃபோனை வைத்துவிட்டு, மாவு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அடுத்த தெருக்காரரும் தன் கடைக்கே போதவில்லை, திங்கட்கிழமையிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

சுருட்டை கடைசியாக ஒன்று செய்து பார்த்தான். முற்பகல் எந்தக் கணத்தில் பிற்பகலாகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அந்தக் கணமாவது துல்லியமாகக் கையில் இருக்கும் அல்லவா? நிரலை மூச்சுவிடாமல் மணி கேட்க வைத்தான். கெர்னலுக்கு உடனே சந்தேகம் தட்டியது. கழகம் அரும்பாடுபட்டு மழுக்கிக் கொடுத்த நேரத்தை ரகசியமாகச் சாணை பிடித்த குற்றத்துக்காகப் பேக்கரி நிரல் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. இனி அதற்கு எந்த வகை நேரமும் கிடையாது. முற்பகல்கூட.

திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் சுருட்டை திரைக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். வேறு வேலை இல்லாததால் மறுபடி ஒரு தடவை மணி கேட்டான். கண்ணிமைக்குமுன் பதில் வந்தது: ‘தங்கள் நிரலுக்கு நேரம் மறுக்கப்படுகிறது.’ அதற்குக் கீழே, மறுக்கப்பட்ட நேரம் என்று போட்டு, மணி, நிமிடம், வினாடி, வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை பதிவாகியிருந்தது.

சுருட்டை அதைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னொரு தடவை கேட்டான். இன்னொரு தடவை மறுத்தார்கள். சுவர்க் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கி ஓடுகிறது என்று தெரியவந்தது.

இதற்குக் காரணம் இருந்தது. கழகம் எல்லாவற்றிலும் தாமதம் செய்கிறது என்று ஒரு காலத்தில் புகார்கள் குவிந்தன. நிர்வாகக் குழு கூடி, மற்றது எப்படியோ போகட்டும், மறுப்பதிலாவது தாமதம் கூடாது என்று ஏகமனதாக முடிவு செய்தது. மறுப்புப் பிரிவு பிறந்தது. அதில் வரிசை கிடையாது. மறுக்கப்போகிறவரிடம் என்ன விசாரணை? அதனால் விசாரணையும் கிடையாது. மறுத்ததில் கடுகளவும் தாமதம் இல்லை என்பதற்குச் சான்றாக ஒவ்வொரு மறுப்பின் கீழும் துல்லியமான நேரத்தைப் பதிக்க வேண்டும் என்று விதி. கழகத்தில் நேரத்துக்கு நடக்கும் ஒரே வேலை அதுதான்.

சுருட்டை நிரலில் நாலு வரியை மாற்றினான். இப்போது அது மணி கேட்கும், மறுப்பு வரும், மறுப்பிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். மறுபடி கேட்கும், மறுபடி மறுப்பு வரும். இரண்டு மறுப்புகளைக் கழித்துப் பார்க்கும்.

திங்கட்கிழமை விடியற்காலை அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அடுப்பைத் திறந்தாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். தட்டு முழுக்க ரொட்டிகள், மேலே தேன் நிறம், ஓரம் கொஞ்சம் அடர்ந்த நிறம், அழுத்தினால் அமுங்கி மெல்ல எழுந்தன. பின்கட்டிலிருந்து அண்ணன் மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“வெந்திருக்கே” என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“எப்படி தம்பி?” என்றாள் அண்ணி.

தம்பி என்ற சொல்லைக் கேட்டதும் சுருட்டை ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்தான். “நமக்கு மணி சொல்ல மாட்டேன்னு சரியான மணிக்குச் சொல்றாங்க அண்ணி.”

அதன் பிறகு பேக்கரி நன்றாகவே ஓடியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கூடுதலாகக் கேட்டார்கள். இப்படியே போயிருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் ஒருநாள் விளக்க அதிகாரி கடைவாசலில் வந்து நின்றார். சுருட்டை மாவு மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தான். அதிகாரி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உங்க ஒருத்தராலதான் மறுப்புப் பிரிவு இந்த வருஷம் இலக்கை எட்டி, அதையும் தாண்டி எங்கேயோ போயிடுச்சு! இவ்வளவு தடவை மறுக்கறோம், கொஞ்சம்கூட மனம் தளராம திரும்பத் திரும்பக் கேக்கறீங்களே! தலைவர் கேட்டுட்டுக் கண் கலங்கிட்டார். ஆண்டு விழாவுல உங்களுக்கு மரியாதை செய்யப்போறோம்.” அண்ணி நீட்டிய பன்னை ஒரு கடி கடித்தார். “அடடா, என்ன பதம்! எப்படிம்மா இது?”

“எல்லாம் கழகம் போட்ட பிச்சை சார்” என்றாள் அண்ணி.

ஆண்டு விழா குறித்த நேரத்தில் தொடங்கியது. எல்லோருடைய கடிகாரமும் வாசல் தட்டில் இருந்ததால், அதை மறுத்துப் பேச யாராலும் முடியவில்லை. சுருட்டையும் அண்ணியும் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“இந்தக் கழகம் ஆரம்பிச்ச புதுசுல நாங்க ஒரு பெரிய தப்புப் பண்ணினோம். கடிகாரத்தை வாசல் சுவத்துல மாட்டி வெச்சிருந்தோம். வர்றவன் நிமிர்ந்து பார்ப்பான், போயிட்டே இருப்பான். ஒரு வணக்கம் கிடையாது! அப்புறம்தான் கடிகாரத்தை உள்ளே கொண்டு போனோம். இன்னைக்கு என்ன நிலைமை? ஊரே நம்ம வாசல்ல நிக்குது. வளர்ச்சின்னா இதுதான் வளர்ச்சி!”

கைத்தட்டல் அடங்கக் காத்திருந்தார்.

“அப்படிப்பட்ட இடத்துல, அலுக்காம சலிக்காம கேட்டுக்கிட்டே இருந்த இந்தத் தம்பிக்கு நாம என்ன செய்யப்போறோம்? சால்வை போதுமா? போதாது! விழா முடிஞ்சதும் இவரோட புரோகிராமைத் தடைப்பட்டியல்லேருந்து எடுத்துட்டு, முறைப்படி நேரம் கேக்கற அனுமதியை வழங்கறோம். முழு விசாரணையோட!”

சுருட்டை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன தம்பி ஆச்சு?” என்றாள் அண்ணி.

“அனுமதி கொடுத்துட்டாங்க அண்ணி.”

“ஐயையோ!” என்று அண்ணி வாய்விட்டு அலறினாள். பக்கத்தில் இருந்த விளக்க அதிகாரி, “ஆனந்தத்துல அப்படித்தாம்மா வரும்” என்று ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

சுருட்டை அவர் காதில் கிசுகிசுத்தான். “சார், இந்த அனுமதி வேண்டாம்னு சொல்ல முடியாதா?”

“தாராளமா. அனுமதி மறுப்புக்கு விண்ணப்பிக்கலாம். அது பரிசீலனைக்குப் போகும். உங்க பேரப்பிள்ளைங்க வந்து பதில் வாங்கிக்கலாம்.”

“சட்டுனு ரத்தாக வழியே இல்லையா?”

அதிகாரி யோசித்தார். “கொடுத்தது போதாதுன்னு தலைவர்கிட்டயே அதிகப்பிரசங்கித்தனமா எதையாவது கேட்டா அந்த நிமிஷமே போயிடும். ஆனா உங்களை மாதிரி தங்கமான பையன் அதையெல்லாம்…”

அதற்குள் சுருட்டையை மேடைக்கு அழைத்துவிட்டார்கள். தோளில் சால்வை விழுந்தது, கையில் மைக் வந்தது. எதைக் கேட்டால் இவர்களுக்குத் தாங்க முடியாத கோபம் வரும் என்று அவன் வேகமாக யோசித்தான். கடிகாரத்தையே கேட்கலாமா? அது திருட்டு, மன்னித்துவிடுவார்கள். தலைவர் பதவியைக் கேட்கலாமா? அது ஆசை, புரிந்துகொள்வார்கள். அவனுக்கு நெடுநாளாக மனதில் இருந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

“ஐயா, எனக்கு மட்டும் அனுமதி போதாது. எல்லாப் புரோகிராமுக்கும் நேரம் வேணும். அதுவும் கேக்காமலே வேணும். கெர்னல் நோட்டுல மாதிரி ஒரு பக்கத்துல மணியை எழுதிக்கிட்டே இருக்கட்டும். அந்தப் பக்கம் எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும். பார்க்கலாம், யாரும் கை வைக்க முடியாது. விசாரணை வேண்டாம். வரிசை வேண்டாம். கவுன்ட்டரும் வேண்டாம்.”

பேசப் பேச, இது உண்மையாகவே நல்ல யோசனையாயிற்றே, ஒருவேளை ஒத்துக்கொண்டுவிட்டால் என்ன என்று அவனுக்கே ஒரு கணம் ஆசை வந்தது. அந்த ஆசைக்குக் கழகம் இடம் கொடுக்கவில்லை.

“கேக்காமலேயா?” என்றார் தலைவர். “கேக்காம எப்படிய்யா கொடுக்கறது?”

“கொடுக்கவே வேண்டாங்க. அங்கேயே இருக்கும். வேணுங்கறவங்க பார்த்துக்குவாங்க.”

“அப்போ எங்களுக்கு என்ன வேலை?”

“மணியைச் சரியா எழுதறதுதாங்க.”

மண்டபத்தில் மூத்த அதிகாரி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மறுப்புப் பிரிவு ஊழியர்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். தலைவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

“நாங்க இல்லாமலே ஒரு காரியம் நடக்கும்னா, அது காரியமே இல்லை! இந்த ஆளோட அனுமதி இந்த நிமிஷமே ரத்து! இவன் புரோகிராம் எப்போ கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், கிடையாது! ஒரு நொடிகூடத் தாமதிக்காம மறுக்கணும்! ஆயுசு முழுக்க மறுக்கணும்! கெர்னலை எத்தனை தடவை மாத்தி எழுதினாலும் இந்த மறுப்பு மட்டும் மாறக் கூடாது!”

சால்வையை உருவிக்கொண்டார்கள். இரண்டு காவலர்கள் சுருட்டையை வாசல் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே அண்ணி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க வந்தாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள். விளக்க அதிகாரி மட்டும் வாசல் வரை ஓடிவந்து, “தங்கமான பையனாச்சே, இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று வருத்தப்பட்டார். அண்ணி அவருக்கு நாளையிலிருந்து தினம் ஒரு பன் இலவசம் என்று சொன்னாள். காரணம் தெரியாமலே அவர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வண்டி ரொட்டி ஏற்றிக்கொண்டு போனதும், எதிர்வரிசையில் சலவைக்கடை வைத்திருப்பவர் தெருவைக் கடந்து வந்தார். கையில் ஒரு சட்டை. பெரியவர்கள் போடும் சட்டையாக இருந்தது, துவைத்ததில் கைக்குழந்தைக்கு அளவாகச் சுருங்கியிருந்தது.

“தம்பி, என் மெஷினுக்கு எப்போ நிறுத்தணும்னே தெரியலை. இதோட சொந்தக்காரர் கடையில வந்து உக்காந்திருக்கார். உங்களுக்குக் கிடைச்ச மாதிரி எனக்கும் ஒரு ஆயுட்கால மறுப்பு வாங்கிக் கொடுங்களேன். யாரைப் பிடிக்கணும்? எங்க எழுதிக் கொடுக்கணும்?”

“யாரையும் பிடிக்க வேண்டாம்ண்ணே” என்றான் சுருட்டை. “நேராப் போய், உங்களுக்கு என்ன வேணும்னு ஒரே ஒரு தடவை நியாயமாக் கேளுங்க. உடனே கிடைச்சுடும்.”